நாரை வந்தால் அழுத்தக் கூடாது

ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கை கால் ஒரு இடத்தில் நிற்பதில்லை என்பதை மேலிடம் கண்டுபிடித்த வருடம் அது. அதற்கு முன் எங்கள் டான்யூப் ஆற்றங்கரை ஊரில் இந்த விஷயம் யாருக்கும் தெரியாது என்று அவர்கள் நம்பினார்கள். கமிட்டி போட்டார்கள். கமிட்டி இரண்டு முறை வெளிநாடு போய்த் திரும்பியது. பிறகு ஆற்றோரம் பூட்டிக் கிடந்த ஒரு மஞ்சள் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, 'தன்னடக்க மதிப்பீட்டு மையம்' என்று பலகை மாட்டினார்கள். இனி அங்கே சான்றிதழ் வாங்காத எந்தக் குழந்தையும் முதல் வகுப்பில் கால் வைக்க முடியாது.

கலின் எங்கள் ஊரில் பதினெட்டு வருடமாக, மேலே மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் டிராலிபஸ் ஓட்டுகிறான். நாற்பத்து நான்கு வயது. அதிகம் பேசாத மனிதன். நிறுத்தத்தில் இல்லாமல் தன் வீட்டு வாசலில் நிறுத்தவில்லை என்று யாராவது காட்டுக்கத்தல் கத்தினாலும், "அடுத்தது நூலகம்" என்று மட்டும் சொல்வான். அவன் மகள் பிலியானா நேர் எதிர். மனதில் தோன்றுவதற்கும் வாயில் வருவதற்கும் நடுவே அவளுக்கு ஒரு மூச்சு இடைவெளிகூடக் கிடையாது. பஸ்ஸில் ஏறியதும், "அப்பா, அந்த மாமாவுக்கு மீசை நெசமா ஒட்டினதா?" என்பாள். மாமா அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார்.

ஏப்ரலில் அவளுக்கு அழைப்பு வந்தது. அம்மா ஸோன்காவுக்குத் தையல் தொழிற்சாலையில் விடுப்பு கிடைக்கவில்லை. கலின்தான் கூட்டிப்போனான்.

ஒன்பது மணிக்கு வரச் சொன்னவர்கள் பதினொன்றரை வரை கூப்பிடவில்லை. காத்திருப்பு அறையின் நடுவில் ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு தட்டு நிறைய, சர்க்கரைப் பொடி தூவின லோகும் மிட்டாய். பக்கத்தில் ஓர் அட்டை: 'தொடாதே'. கூரையில் ஒரு காமிரா, யார் தொடுகிறார்கள் என்று பார்ப்பதற்கு.

"சாப்பிடக் கூடாதுன்னா எதுக்குப்பா வச்சிருக்காங்க?"

"பேசாம இரு கண்ணு."

"வாசனை வருதே. வாசனையை மோந்து பாக்கலாமா?"

அந்த நேரம் உள்கதவு திறந்தது. செக்கச்செவேல் என்று ஒரு பெரியவர் வெளியே வந்தார், தட்டிலிருந்து இரண்டு லோகும் எடுத்து ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார், விரல் சர்க்கரையை டையில் துடைத்தார், உள்ளே போனார். இருபது குழந்தைகளும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். அவர்தான் இயக்குநர் டாக்டர் வெலிஸார். காமிரா அவரைக் கணக்கில் எடுப்பதில்லை.

தேர்வு வைக்கும் பெண்ணின் பெயர் பாவ்லினா. இருபத்தேழு வயதிருக்கும். அவளுக்கு முன்னால் வெளிநாட்டு இயந்திரம் ஒன்று, ஒரு திரையும் ஒரு காமிராவும் ஒரு பெரிய மஞ்சள் பொத்தானுமாக.

"பேரு என்ன?"

"பிலியானா. எனக்கு ஒரு பல்லு ஆடுது, பாக்கறீங்களா?"

பார்க்கக் கூடாது என்பது விதி. பாவ்லினா எட்டிப் பார்த்துவிட்டாள். பிறகு விதியின்படி வாசித்தாள். "திரையில தவளை வந்தா பொத்தானை அழுத்தணும். நாரை வந்தா அழுத்தக் கூடாது. புரிஞ்சுதா?"

பிலியானா தலையை இடமும் வலமும் ஆட்டினாள். எங்கள் ஊரில் ஆமாம் என்றால் அப்படித்தான். இல்லை என்றால் மேலும் கீழும். ஆனால் இயந்திரம் செய்த ஊரில் எல்லாம் தலைகீழ். 'குழந்தைக்குப் புரியவில்லை' என்று எழுதிக்கொண்டு அது மறுபடி முதலிலிருந்து கேட்டது. பிலியானா மறுபடி ஆட்டினாள். மறுபடி புரியவில்லை. ஏழாம் முறை பாவ்லினா குனிந்து, "கண்ணு, இந்தக் கட்டடத்துக்குள்ள மட்டும் ஆமான்னா மேலயும் கீழயும் ஆட்டணும்" என்றாள்.

"அப்படின்னா இல்லைன்னு அர்த்தமாச்சே."

"வெளியில. இங்க ஆமாம்."

"ஏன்?"

'கேள்வி கேட்கிறது' என்று இயந்திரம் குறித்துக்கொண்டது.

நூற்று அறுபது தவளை, நாற்பது நாரை. தவளைகள் சடசடவென்று வரும், கை பழகிப்போகும். அந்த வேகத்தில் திடீரென்று நாரை வந்து நிற்கும். முதல் நாரையிலேயே டப்பென்று அழுத்திவிட்டு, "ஐயய்யோ!" என்று பிலியானா கையை வாயில் வைத்துக்கொண்டாள். இரண்டாவதுக்கும் ஐயய்யோ. சிலசமயம் கை பாதி தூரம் போய், நடுவானில் நின்று, திரும்பி வந்தது. அப்போது அவள் அப்பாவைப் பார்த்து வெற்றியோடு சிரித்தாள், அந்தச் சிரிப்பில் அடுத்த தவளையை விட்டாள்.

முடிவு வந்தது: நாற்பது நாரையில் பதினைந்தில் நிறுத்தியிருக்கிறாள். தேர்ச்சிக்கு முப்பத்தாறு வேண்டும்.

"நாரை வந்தா அழுத்தக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்ல?" என்று பாவ்லினா கேட்டாள். இந்தக் கேள்வியும் படிவத்தில் இருந்தது.

"தெரியும்."

"அப்புறம் ஏன் அழுத்தின?"

"நான் அழுத்தல. கை அழுத்திடுச்சு."

அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் யாரும் இதைவிட ஒழுங்கான ஒரு வார்த்தை பேசவில்லை என்று கலினுக்குப் பட்டது. படிவத்தில் அதை எழுத இடமில்லை.

தோற்ற குழந்தைகளின் பெற்றோர் இயக்குநரைப் பார்க்க வேண்டும். டாக்டர் வெலிஸாருக்கு அறுபத்து மூன்று வயது. மேஜைமேல் அவருடைய பெயர், பட்டங்கள், இன்னொரு தட்டு லோகும்.

"உக்காருங்க. என்ன தொழில்?"

"டிராலிபஸ்..."

"ஓட்டறீங்க. தெரியும். கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் போறது. நானும் சின்ன வயசுல... சரி, அதை விடுங்க. உங்க பொண்ணு பிரச்சினை என்ன தெரியுமா? எதிர்ல இருக்கறவங்க பேசி முடிக்கற வரைக்கும் அவளால பொறுக்க முடியல. அது வந்து..."

"அவளுக்கு இப்பதானே ஆறு வயசு..."

"குறுக்க பேசாதீங்க. பாத்தீங்களா? எங்கேருந்து வருதுன்னு இப்ப தெரியுது." கோப்பில் 'பரம்பரை' என்று எழுதினார்.

"இந்த முப்பத்தாறுங்கறது எப்படிங்க வந்துச்சு?"

"விஞ்ஞானம்."

"அதாவது?"

"விஞ்ஞானம்னா விஞ்ஞானம்தான். அதுல அதாவது எல்லாம் கிடையாது. கவலைப்படாதீங்க. ஆறு வாரம் பயிற்சி இருக்கு. எப்படிப்பட்ட குழந்தை வந்தாலும் நாங்க அடக்கிக் குடுத்துடுவோம்."

அந்த 'அடக்கி' கலினின் காதில் உறைத்தது.

வெளியே படிக்கட்டில் பாவ்லினா நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். கலினைப் பார்த்ததும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, "உங்க பொண்ணுக்கு ஒண்ணுமில்லை" என்றாள்.

"பதினஞ்சுதானே எடுத்தா?"

"ஆறு வயசுக்குப் பதினஞ்சு நல்ல மார்க்குங்க. கையை எடுத்துட்டுப் போறது வேற, போற கையை நிறுத்தறது வேற. நிறுத்தறது நெத்திக்குப் பின்னாடி இருக்கற மூளையோட வேலை. அதுதான் எல்லாத்தையும்விடக் கடைசியா வளரும். நாலு வயசுல சுத்தமா இருக்காது. ஆறு, ஏழுல லேசா பிடிபடும். பத்து, பன்னண்டுல பரவாயில்லை. இருபது தாண்டித்தான் முழுசா கைக்கு வரும். வயசானா திரும்பக் கொஞ்சம் கொஞ்சமா நழுவும்."

"அப்ப இவளுக்கு என்னதான் வியாதி?"

"ஆறு வயசுங்கறதுதான் வியாதி. வருஷா வருஷம் தானா குணமாகும்."

"முப்பத்தாறு?"

பாவ்லினா சிகரெட்டை அணைத்தாள். "இங்க வேலை செய்யற பன்னண்டு பேரையும் உக்கார வச்சாரு. எல்லாருக்கும் இருபத்தஞ்சு முப்பது வயசு. சராசரி முப்பத்தாறு வந்துச்சு. அதையே வச்சுட்டாரு. சின்னப் புள்ளைங்களுக்குத் தனி அளவு வேணும்னு எழுதிக் குடுத்தேன். அப்படி வச்சா எல்லாரும் பாஸாயிடுவாங்களே, அப்புறம் மையம் எதுக்குன்னு கேட்டாரு."

"அவரும் பரீட்சைக்கு உக்காந்தாரா?"

"அவருக்கு எங்க நேரம்?"

ஜூன் மாதம் பயிற்சி தொடங்கியது. தினமும் நான்கு மணி நேரம். குழந்தைகள் உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார வேண்டும். முதல் வாரம் பேசாமை. இரண்டாம் வாரம் சிரிக்காமை. மூன்றாம் வாரம் ஈ வகுப்பு: பயிற்றுநர் ஜாடியைத் திறந்து ஈக்களை விடுவார், மூக்கில் உட்கார்ந்தால் ஓட்டக் கூடாது. யாருக்காவது வெளியே போக வேண்டும் என்றால் சின்னச் சிவப்புக் கொடியைத் தூக்கலாம். ஆனால் தூக்கினால் ஒரு நட்சத்திரம் குறையும். ஐந்து நட்சத்திரம் குறைந்தால் மறுபடி முதல் வாரம்.

பெற்றோருக்கும் ஒரு கையேடு கொடுத்தார்கள். 'குழந்தை அழைத்தவுடன் திரும்பிப் பார்ப்பது அதன் அவசர புத்தியை வளர்க்கும். நான்காம் அழைப்புக்கு முன் பதில் கூடாது.'

முதல் சில நாள் பிலியானா வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினாள். ஈ எத்தனை, யார் மூக்கில், யார் தும்மினது, பயிற்றுநரின் மூக்கில் உட்கார்ந்தபோது அவர் ஓட்டினது. பிறகு பேச்சு மெலிந்தது. தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டாள். உட்காரலாமா என்று கேட்டாள். பிறகு கேட்பதும் நின்றது. சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தாள்.

நான்காம் வாரம் ஒரு சாயங்காலம் ஸோன்கா அடுப்படியில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து "அம்மா" என்று கேட்டது. ஸோன்கா மனசுக்குள் ஒன்று என்றாள். "அம்மா." இரண்டு. "அம்மா", மிகவும் மெதுவாக. மூன்று. ஸோன்கா கரண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நான்காவதுக்குக் காத்திருந்தாள். நான்காவது வரவில்லை. திரும்பினாள். மேஜை இழுப்பறையில் விரல் நசுங்கி மாட்டியிருந்தது. குழந்தை அசையாமல் நின்றது. கன்னத்தில் தண்ணீராக வழிகிறது, வாய் மட்டும் இறுக மூடியிருக்கிறது.

அன்றைக்குக் கையேடு அடுப்பில் போயிற்று.

"நாளைலேருந்து அவ போகமாட்டா" என்றாள் ஸோன்கா.

"இன்னும் ரெண்டே வாரம்தான். சான்றிதழ் இல்லைன்னா பள்ளிக்கூடத்துல சேத்துக்கமாட்டாங்க."

"சேக்காட்டிப் போகட்டும். நீயும் நானும் உக்காந்து எழுத்துச் சொல்லித் தர முடியாதா?"

"ரெண்டு வாரம், ஸோன்கா. பல்லைக் கடிச்சுக்கலாம்."

அனுப்பினார்கள். அந்த இரண்டு வாரத்துக்காகக் கலின் தன்னை இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஜூலையில் மறுதேர்வு. பிலியானா நாற்காலியில் உட்கார்ந்தாள். தவளை வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நாரை வந்தது. பார்த்துக்கொண்டிருந்தாள். இருநூறு படமும் வந்து போயிற்று. ஒருமுறைகூடக் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. நாரை: நாற்பதுக்கு நாற்பது. மையத்தின் சரித்திரத்தில் முதல் முறை. டாக்டர் வெலிஸார் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"ஒரு தவளைக்குக்கூட அழுத்தலையேங்க" என்றான் கலின்.

"அழுத்தச் சொல்லி யார் கேட்டா? இது அடக்க மையம். தவளைக்கு நாங்க மார்க்கே வைக்கறதில்லை."

பாவ்லினா இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை கடைசியில் சான்றிதழ் வழங்கும் விழா. வெளியே வெயில் தகிக்கிறது. கூடத்தில் நூறு பெற்றோர். முன்வரிசையில் தேர்ச்சி பெற்ற குழந்தைகள், எல்லாரும் வெள்ளைச் சட்டை, எல்லார் கையும் தொடைக்கு அடியில். நட்டநடுவில், தனி நாற்காலியில், பிலியானா. மாதிரிக் குழந்தை. விழா தொடங்குமுன் குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு பெரிய கோப்பை எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். மிச்சம் வைக்கக் கூடாது.

டாக்டர் வெலிஸார் ஐந்து நிமிடம் பேசுவதாக அழைப்பிதழில் போட்டிருந்தது.

"பெற்றோர்களே!" என்று தொடங்கினார். "நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவனே மனிதன். நான் அதிகம் பேசப்போவதில்லை. எனக்குப் பேச்சு பிடிக்காது. என் தகப்பனார் சொல்லுவார்..." தகப்பனார் இருபது நிமிடம் சொன்னார். பிறகு வெளிநாட்டுப் பயணம், அங்கே ஓட்டலில் கிடைத்த மரியாதை, அதில் ஒரு வறுத்த வாத்து. வாத்திலிருந்து நாட்டின் எதிர்காலம். "முடிவாக ஒன்று" என்று நான்கு முறை சொன்னார். ஒவ்வொரு முடிவிலிருந்தும் ஒரு புதிய தொடக்கம் முளைத்தது. "கேள்வி கேட்கும் குழந்தை நாளைக்குக் கேள்வி கேட்கும் குடிமகன் ஆகிறது. அதை ஆறு வயதிலேயே தடுப்பது மலிவு என்று மேலிடத்துக்கு நான் எழுதியிருக்கிறேன். இந்தக் குழந்தையைப் பாருங்கள். ஏப்ரலில் வாயாடி. இன்றைக்கு? சிலை! ஒன்றரை மணி நேரமாக இமைகூட அசையவில்லை!"

எல்லாரும் பார்த்தார்கள். கலினும் பன்னிரண்டாம் வரிசையிலிருந்து பார்த்தான். குழந்தையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நாற்காலிக் காலோரம் ஏதோ மினுமினுத்தது. சொட்டுச் சொட்டாக விழுந்து, ஓட்டுத் தரையில் கோடாகப் பிரிந்து, மேடையை நோக்கி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

கலின் எழுந்தான். வரிசையில் இருந்தவர்களின் முழங்காலை இடித்துக்கொண்டு வெளியே வந்தான். நடு வழியில் நடந்தான்.

"யாரது? உக்காருங்க! இன்னும் முடியல!"

கலின் நிற்கவில்லை. தன் சீருடைக் கோட்டைக் கழற்றி மகளைச் சுற்றித் தூக்கிக்கொண்டான். அவள் உடம்பு கட்டை மாதிரி விறைத்திருந்தது. காதோரம் வாயை வைத்து அவள் சொன்னாள்: "அப்பா, நான் கொடியைத் தூக்கவே இல்லை. ஒரு தடவைகூடத் தூக்கல. நல்லாத்தானே இருந்தேன்?"

கலின் அவளை இன்னும் இறுக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தான்.

பின்னால் ஒலிபெருக்கி முழங்கியது: "பெற்றோர்களே, உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள்! ஆறு வயதுக் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. பெற்ற தகப்பனால் முடியவில்லை!" ஊழியர்கள் பதினொரு பேர் கைதட்டினார்கள். பன்னிரண்டாவது ஆளான பாவ்லினா தட்டவில்லை.

டாக்டர் வெலிஸார் மேலும் இருபது நிமிடம் பேசிவிட்டு இறங்கும்போது ஈரத்தில் கால் வைத்தார். கூரை ஒழுகுகிறது, பராமரிப்புத் துறைக்கு எழுதுங்கள் என்று உத்தரவு போட்டார்.

மறுவாரம் கலினுக்குத் தபால் வந்தது. 'பொது நிகழ்ச்சியில் அடக்கமின்மை.' பிலியானாவின் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தந்தை நேரில் வந்து தன் அடக்கத்தை நிரூபிக்க வேண்டும். சாட்சிக்கு ஒருவரை அழைத்து வரலாம்.

கலின் தன் கூட்டாளி கிரோவை அழைத்துப் போனான். கிரோவும் டிராலிபஸ் ஓட்டுபவன்தான், ஆனால் வாய் மட்டும் தனியாக ஓடும். "நீ ஒண்ணும் பேசாத, நான் பாத்துக்கறேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். அவனை வாசலிலேயே லோகும் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கூப்பிடும்போது தட்டு காலி.

விசாரணைக் குழு மூன்று பேர். நடுவில் டாக்டர் வெலிஸார். ஓரத்தில் இயந்திரத்தோடு பாவ்லினா.

கலின் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தான். பதினெட்டு வருடமாகக் குறுக்கே ஓடி வரும் நாய்க்கும் பந்துக்கும் குடிகாரனுக்கும் கால் தானாக நின்று பழகினவன். நாற்பதுக்கு முப்பத்தொன்பது.

"முப்பத்தொன்பதா?" டாக்டர் வெலிஸார் முகம் கறுத்தது. "இவ்வளவு அடக்கம் இருக்கற மனுஷன் அன்னிக்கு ஏன்யா எழுந்தீங்க?"

"எழுந்திருக்கணும்னு தோணிச்சுங்க."

"தோணினா அடக்கணும்!"

"இதை அடக்கணும்னு தோணலைங்க."

"அடேயப்பா, என்ன பதில்!" என்றான் கிரோ, வாய் நிறைய லோகுமோடு.

"நீங்க வாயை மூடுங்க! முப்பத்தொன்பது பெரிய சாதனைன்னு நெனப்பா? இதுல என்ன கம்பசூத்திரம் இருக்கு? நான் கண்ணை மூடிக்கிட்டு நாப்பது எடுப்பேன். தள்ளுங்க!"

அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவரே எழுந்து வந்தார்.

"டாக்டர், உக்காந்தா பதிவாயிடும்" என்றாள் பாவ்லினா.

"பதிவாகட்டும்!"

"ஒன்பதாம் விதி இருக்கு, டாக்டர். முடிவைச் சத்தமா வாசிக்கணும். ஒரு பிரதியை விசாரணைக்கு வந்தவங்க கையில குடுக்கணும். வேண்டாம்."

"அந்த விதியை எழுதினதே நான்தான்! எனக்கா சொல்லித் தரீங்க? ஆரம்பிங்க!"

பாவ்லினா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு பொத்தானைத் தட்டினாள்.

தவளை, தவளை, தவளை. டாக்டர் வெலிஸாரின் கை இடியாக விழுந்தது. நாரை. டப். "இது கணக்கில்லை, நான் இன்னும் தயாராகல!" தவளை, தவளை, நாரை. டப். "நாரை ரொம்பச் சின்னதா இருக்கு!" நாரை. டப். "யாரோ இருமினாங்க!" நெற்றியில் வியர்வை. நிறுத்த வேண்டும் என்று கண் சொல்கிறது, அது கைக்குப் போய்ச் சேருவதற்குள் கை போய்விடுகிறது. பக்கத்தில் நின்ற கலினுக்கு ஒரு விநாடி பரிதாபமாகக்கூட இருந்தது. இந்த விரலுக்கு மன்னிப்பு உண்டு, இதற்கு வயதாகிவிட்டது. இதே மன்னிப்பை ஒரு குழந்தைக்குக் கொடுக்க இவருக்கு மனசு வரவில்லையே என்று நினைத்ததும் பரிதாபம் போய்விட்டது. இழுப்பறையில் மாட்டின விரல்தான் கண்ணுக்குள் வந்தது.

இயந்திரம் காகிதத்தைத் துப்பியது. பாவ்லினா எழுந்து நின்று, ஒன்பதாம் விதிப்படி சத்தமாக வாசித்தாள்:

"வெலிஸார், வயது அறுபத்து மூன்று. நாரை: நாற்பதுக்குப் பதினான்கு. பரிந்துரை: முதல் வகுப்பில் சேர்க்க வேண்டாம்."

கிரோ நாற்காலியோடு சரிந்தான்.

"இயந்திரம் ரிப்பேர்!" டாக்டர் வெலிஸார் கத்தினார். "இது குழந்தைகளுக்கான பரீட்சை! நான் எதுக்காக என்னை நிறுத்தணும்? என் வயசுல, என் பதவியில, நிறுத்த வேண்டிய அவசியமே கிடையாது. மத்தவங்களை நிறுத்தத் தெரிஞ்சா போதும்! அதுக்குத்தான்யா இயக்குநர்!"

சொன்னபிறகுதான் அவருக்கே கேட்டது. குழுவின் மற்ற இரண்டு பேரும் தங்கள் பேனாவை உற்றுப் பார்த்தார்கள்.

பாவ்லினா முத்திரையை எடுத்தாள். அவருடைய தாளில் ஒரு குத்து. பிலியானாவின் சான்றிதழில் ஒரு குத்து. இரண்டையும் கலின் கையில் கொடுத்தாள். "மகளை ஆத்தங்கரைக்குக் கூட்டிப் போங்க. நல்லா ஓட விடுங்க" என்றாள். அன்றைக்குச் சாயங்காலமே அவளை நிலவறை ஆவணக் கிடங்குக்கு மாற்றினார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் மையம் புதிய சுற்றறிக்கை விட்டது. 'அறுபது வயதைக் கடந்தவர்களின் மூளை இயற்கையாகவே தளர்கிறது என்பது விஞ்ஞான உண்மை. எனவே அவர்களுக்குத் தேர்ச்சி மதிப்பெண் பத்து. ஆறு வயதுக்காரர்களுக்கு அத்தகைய சலுகைக்கு முகாந்திரம் இல்லை.'

கலின் அதைக் கிரோவிடம் நீட்டினான். அவன் படித்து முடிக்கவில்லை. பாதியிலேயே முகம் சிவந்தது. கலின் சட்டைப்பையிலிருந்து அந்த முத்திரைத் தாளை எடுத்து, "நகல் எடுத்துத் தருவியா?" என்றான். இரண்டே நாளில் ஊரில் ஓடும் அத்தனை டிராலிபஸ்ஸிலும், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், நேர அட்டவணைக்குப் பக்கத்தில், டாக்டர் வெலிஸாரின் மதிப்பெண் தொங்கியது. மேலதிகாரி கேட்டபோது, பொது அறிவிப்பு என்றார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார், திரும்பிக்கொண்டு சிரித்தார், மையத்து முத்திரை இருக்கிறதே, கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? காய்கறிச் சந்தையில் டாக்டர் வெலிஸார் தக்காளி கேட்டால், "எவ்வளவு, பதினாலா?" என்றார்கள். தெருமுனையில் பந்து விளையாடும் பிள்ளைகள் அவரைக் கண்டதும் "பதினாலு!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். அந்த வயதில் அதையெல்லாம் அடக்க முடியாது.

ஆனால் கலின் வீட்டில் சத்தமில்லை. ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனால் பிலியானா பெஞ்சில் உட்கார்ந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஆடின பல் விழுந்தது. யாரிடமும் சொல்லாமல் அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். ஸோன்கா அதைப் பார்த்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதாள்.

செப்டம்பர் பதினைந்து. பள்ளி திறக்கும் நாள். கலின் அன்றைக்கும் பணியில் இருந்தான். ஸோன்காவும் மகளும் அவன் பஸ்ஸிலேயே ஏறி, அவனுக்குப் பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். பிலியானா மடியில் டீச்சருக்குக் கொடுக்கப் பூங்கொத்து. பஸ் நிறையப் பூவும் வெள்ளைச் சட்டையுமாக, கசமுசவென்று பேச்சு.

தபால் நிலையத்துக்கு முன்னால் கலின் பிரேக் போட்டான். பாதசாரிக் கோட்டில் டாக்டர் வெலிஸார் கடந்துகொண்டிருந்தார். பாதி வழியில் பஸ்ஸையும் ஓட்டுநர் இருக்கையில் கலினின் முகத்தையும் பார்த்துவிட்டு நின்றார். பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. எல்லாருக்கும் நாக்கு நுனியில் அதே வார்த்தை. பெரியவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஒருவர் பூங்கொத்தில் முகத்தைப் புதைத்தார்.

ஜன்னல் கண்ணாடி தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது.

"பதினாஆஆலு!"

பல் விழுந்த ஓட்டை வழியாகக் காற்றும் சேர்ந்து வந்த குரல். கலின் திரும்பிப் பார்த்தான். பிலியானா இடுப்புவரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள். ஸோன்கா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், உள்ளே இழுக்காமல். பூங்கொத்து தரையில் கிடந்தது.

"பதினாலு! பதினாலு! அம்மா, அவர் நம்மளைப் பாக்கறாரு! அப்பா, பாத்தியா? அவர் மூஞ்சி தக்காளி மாதிரி ஆயிடுச்சு! பதினாலு!"

பின்வரிசைக் கிழவி ஒருத்தி, "ஏம்ப்பா டிரைவர், பெரியவங்களை இப்படிக் கூப்பிடறா, பெத்தவன் பாத்துக்கிட்டு இருக்கியே, ஏதாவது சொல்லமாட்டியா?" என்றாள்.

கலின் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். கண் நிறைந்து சாலை மங்கலாகத் தெரிந்தது.

"சொல்லணும்னுதாம்மா வாய் வரைக்கும் வருது" என்றான். "அடக்கிக்கிட்டிருக்கேன்."